பெயர் இருக்கிறது, பிள்ளை இல்லை

தை பிறந்து பொங்கல் கழிந்ததும் காஞ்சிபுரம் மாவட்டத்து ஏரிக்கரைக் குடிசைகள் ஒவ்வொன்றாக வெறிச்சோடும். சம்பா அறுப்பு முடிந்திருக்கும். மழை ஓய்ந்து வெயில் ஏறும் இந்த நாட்களுக்காகத்தான் செங்கல் சூளைகள் காத்திருக்கும். ஈரக்காற்றில் பச்சைக்கல் காயாது. தையிலிருந்து ஆனி வரைதான் சூளைக்குப் பருவம். கரும்பு வெட்டும் இதே மாதங்களில்தான் சூடுபிடிக்கும். சவுக்கு வெட்டப் போகிறவர்கள் உண்டு. வேலிகாத்தான் முள்ளை வெட்டிக் கரிமூட்டம் போடப் போகிறவர்களும் உண்டு. மேஸ்திரி முன்னதாகவே வந்து ‘அட்வான்ஸ்’ கொடுத்துவிட்டுப் போயிருப்பார். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தால் ஒரு ஜோடி, ஜோடிக்கு இவ்வளவு என்று கணக்கு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் பெரியவர்கள் இல்லையென்றால், கைக்குழந்தை முதல் ஏழாம் வகுப்புப் பையன் வரை எல்லோரும் வண்டி ஏறிவிடுவார்கள்.

பள்ளி வருகைப் பதிவேட்டில் அந்தப் பையனின் பெயர் அப்படியே இருக்கும். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை என்பதால் ஜூன் மாதம் அது அடுத்த வகுப்புப் பதிவேட்டுக்கும் போய்விடும். பையன் ஆடியில் திரும்பி வருவான். அவன் விட்டுப்போன பாடம் ஒன்றாக இருக்கும், அவன் முன்னால் விரிக்கப்படும் புத்தகம் வேறொன்றாக இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படியே போனால் அவன் வருவதை நிறுத்திக்கொள்வான். ‘படிப்பு ஏறல’ என்று அப்பா சொல்வார். ‘இதுங்களுக்குப் படிப்புல நாட்டமில்ல’ என்று ஊர் சொல்லும். இந்த இரண்டு வாக்கியங்களும் எந்த அளவுக்கு உண்மை என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

இவர்கள் இருளர்கள். உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர்ப் பக்கங்களிலும், செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் மாவட்டங்களிலும் ஊரை ஒட்டி, ஆனால் ஊருக்குள் அல்லாமல், ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் வாழ்கிறவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகப் பழங்குடியினர் 7,94,697 பேர். மாநில மக்கள்தொகையில் ஏறத்தாழ 1.1 விழுக்காடு. அவர்களில் இருளர்கள் 1,89,661 பேர். மலையாளிப் பழங்குடியினருக்கு அடுத்த பெரிய சமூகம் இதுதான். எழுத்தறிவு மாநில அளவில் 80.09 விழுக்காடு; பழங்குடியினரிடையே 54.34 விழுக்காடு. தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருடன் சேர்த்து, மிகவும் நலிந்த நிலையிலுள்ள பழங்குடியினராக ஒன்றிய அரசு வகைப்படுத்தியுள்ள தமிழகத்தின் 6 சமூகங்களில் இவர்களும் அடக்கம்.

நீலகிரி, கோவைப் பக்கத்து மலைகளில் இருக்கும் இருளர்களுக்குத் தனி மொழி உண்டு. சமவெளி இருளர்களின் வீட்டுமொழி தமிழ்தான். பழங்குடிக் குழந்தைகளின் கல்வி என்றதும் மொழிச்சிக்கல் என்று உடனே முடிவுகட்டுவது ஆய்வாளர்களின் வழக்கம். காஞ்சிபுரத்து இருளர் குழந்தை அந்த விளக்கத்துக்குள் அடங்குவதில்லை. ஆசிரியர் பேசுவது அதற்குப் புரிகிறது. ஆனாலும் அது பள்ளியில் நிற்பதில்லை.

சூளையும் கரும்புக் காடும் இவர்களின் பரம்பரைத் தொழில் அல்ல. தேன், கிழங்கு, மூலிகை, முயல், உடும்பு, எலி, பாம்பு என்று காட்டையும் வயலையும் நம்பி வாழ்ந்தவர்கள் இவர்கள். பாம்பு பிடித்துத் தோலை விற்பது ஒரு காலத்தில் முக்கியமான வருமானம். 1972-இல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. காட்டுயிர்களைக் காக்கச் சட்டம் தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனால் பிழைப்பை இழந்தவர்கள் அடுத்து எங்கே போவார்கள் என்று சட்டம் போட்டவர்கள் யோசிக்கவில்லை. 1978-இல் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியால் இருளர் பாம்புபிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து, மருந்து நிறுவனங்களுக்கு விற்கும் ஏற்பாடு அது. சில நூறு குடும்பங்களுக்கு அது கைகொடுத்தது. மற்றவர்கள் அரிசி ஆலைக்கும் சூளைக்கும் மரம்வெட்டும் இடத்துக்கும் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அட்வான்ஸ் பல நேரங்களில் திரும்பி வரமுடியாத கடனாகிவிடும். 1976-இலேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 2019 ஜூலையில் காஞ்சிபுரம், அப்போதைய வேலூர் மாவட்டங்களின் மரம்வெட்டும் இடங்களிலிருந்து குழந்தைகள் உட்பட 42 பேரை வருவாய்த் துறையினர் மீட்டனர். அவர்கள் இருளர்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கும்பிட்ட படம் அந்த வாரம் நாடெங்கும் பேசப்பட்டது. அந்தப் படத்துக்கு வெளியே நின்ற குழந்தைகள் எந்தப் பள்ளியின் பதிவேட்டில் இருந்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைப் படித்துப் பார்த்தால், இப்படிப்பட்ட குழந்தையை மனத்தில் வைத்துத்தான் எழுதினார்களோ என்று தோன்றும். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி., வரத் தாமதமானாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இடையில் நின்ற குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதை ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி தரவேண்டும். சட்டத்தின் எழுத்தில் குறையில்லை. சூளைக்குப் பக்கத்துப் பள்ளியில் நான்கு மாதத்துக்கு ஒரு பிள்ளையைச் சேர்க்க வேண்டுமானால், அங்கே கொண்டுபோய் விட ஒரு ஆள் வேண்டும். அப்பாவும் அம்மாவும் விடியுமுன் மண் மிதிக்கப் போய்விடுகிறார்கள். பத்து வயது அக்காள்தான் தம்பியையும் தங்கையையும் பார்த்துக்கொள்கிறாள். கல்லைத் திருப்பிப்போடுவதும் அடுக்குவதும் அவள் கைவேலை.

இதைவிட விசித்திரமான ஒன்று இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டச் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் குழந்தைகளுக்காகப் பணியிடப் பள்ளிகள் நடத்தப்பட்டன. ஒடியா மொழிப் பாடநூல்கள் வரவழைக்கப்பட்டன. அது பாராட்டத்தக்க முயற்சி. வெளிமாநிலக் குழந்தை எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால் கண்ணில் பட்டது. பக்கத்து வட்டத்திலிருந்து வந்த இருளர் குழந்தையோ சொந்த ஊர்ப் பள்ளியில் ‘படித்துக்கொண்டிருக்கிறது’. பதிவேட்டில் பெயர் இருப்பதே அந்தக் குழந்தையை மறைக்கும் திரையாகிவிடுகிறது.

திரும்பி வந்த குழந்தையை என்ன செய்வது? இந்தக் கேள்விக்குத் தமிழகம் ஒருமுறை, ஏறக்குறையத் தற்செயலாக, நல்ல விடை ஒன்றைக் கண்டுபிடித்தது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான கற்பிக்கும் முறையைத் தழுவி, 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும் பிறகு 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் செயல்வழிக் கற்றல் கொண்டுவரப்பட்டது. பெஞ்சு இல்லை, பாய்தான். பாடம் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்பதைச் சுவரில் மாட்டிய கற்றல் ஏணி காட்டும். ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஒவ்வொரு படியாக ஏறும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது: நான்கு மாதம் வராத குழந்தை திரும்பி வந்தால், தான் விட்ட படியிலிருந்தே தொடரலாம். முழு வகுப்பும் முப்பதாம் பக்கத்தில் இருக்க, பத்தாம் பக்கம் கூடத் தெரியாமல் விழிக்க வேண்டியதில்லை.

அந்த முறைக்குக் குறைகள் இருந்தன. அட்டைகள் கிழிந்தால் மாற்றுவாரில்லை. நாற்பது குழந்தைக்கு ஒரு ஆசிரியர் என்றால் ஏணி வெறும் சுவர்ப்படம். பிள்ளைக்கு வீட்டுப்பாடமே இல்லையே என்று பெற்றோர் பலர் சலித்துக்கொண்டார்கள். ஆனால் இடம்பெயரும் குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால், அதைப் போல அந்தக் குழந்தையை அவமானப்படுத்தாத முறை அதற்குமுன் இருந்ததில்லை. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அதன் சில கூறுகளை மீட்டது. 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளுக்கெனத் தொடங்கிய அத்திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகள் அவரவர் நிலைக்கேற்பப் பிரிக்கப்பட்டார்கள். வயதைக் கொண்டு அல்லாமல் கற்றதைக் கொண்டு பாடம் அமைய வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. ஆனால் உயர்தொடக்கப் பள்ளிக்குப் போனதும் அந்தப் பொறுமை தீர்ந்துவிடுகிறது. இருளர் பிள்ளைகள் அதிகம் நின்றுபோவதும் அந்த வயதில்தான், உடம்பு வேலைக்குத் தயாராகும் வயதில்.

இனி, ஊரிலேயே தங்கிவிட்ட குழந்தையைப் பார்ப்போம். அம்மா கூலிக்குப் போகிறார், பாட்டி வீட்டில் இருக்கிறார், பிள்ளை தினமும் பள்ளிக்குப் போகிறது. 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு உண்டு என்பதால் பசியும் ஓரளவு நீங்கியிருக்கிறது. இந்தத் திட்டத்தின் பயனைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. விடியலில் அடுப்பு மூட்ட வழியில்லாத வீட்டுக்கு அது பெரிய காரியம். எல்லாம் சரியாக இருந்தும் குழந்தை வகுப்பில் பேசுவதில்லை. ‘எத்தனை கேட்டாலும் வாயே திறக்க மாட்டான் சார்’ என்பது இருளர் குழந்தைகளைப் பற்றி ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம்.

இந்த மௌனத்தைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் தூரம் போய்வர வேண்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற செவ்விந்தியர் குடியிருப்பில் சூசன் பிலிப்ஸ் என்ற மானிடவியலாளர் பள்ளிகளையும் வீடுகளையும் கவனித்து 1983-இல் ஒரு நூல் வெளியிட்டார். அங்கேயும் ஆசிரியர் பெயர் சொல்லி எழுப்பிக் கேட்டால் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. ஆனால் சிறு குழுவாக ஒரு வேலையைக் கொடுத்தால் அதே பிள்ளைகள் ஓயாமல் பேசி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து முடித்தார்கள். அவர்கள் வீட்டில் கற்கும் முறை வேறு. பெரியவர்கள் செய்வதை நெடுநாள் பார்ப்பார்கள். பிறகு தனியே செய்துபார்ப்பார்கள். கைவந்த பிறகுதான் பிறர் முன் செய்வார்கள். பள்ளியோ எல்லோர் முன்னிலும் தப்பாகச் சொல்லி, திருத்தப்பட்டு, அதன்வழிக் கற்கச் சொல்கிறது.

அதே ஆண்டில் வெளிவந்த இன்னொரு நூலும் இந்தத் துறையில் நிலைத்துவிட்டது. வட, தென் கரோலைனாவின் பீட்மான்ட் பகுதியில் ஷர்லி பிரைஸ் ஹீத் செய்த ஆய்வு அது. அங்கே ஒரு கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பில், பெரியவர்கள் தமக்கு விடை தெரிந்த கேள்வியைக் குழந்தைகளிடம் கேட்பதே இல்லை என்று அவர் கண்டார். ‘இது என்ன நிறம்?’ என்று ஆசிரியர் கேட்டால் அந்தக் குழந்தைக்கு அது புரியாத சடங்காக இருந்தது. இவருக்குத் தெரியாதா, ஏன் என்னைக் கேட்கிறார்? ஆசிரியர்கள் கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டபோது பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். ஹவாயில் கமேஹமேஹா பள்ளிகள் 1970-களில் நடத்திய திட்டத்திலும் இதுவே நடந்தது. ஒருவர் பேச இன்னொருவர் இடையே புகுந்து கதையை வளர்ப்பது ஹவாய் மக்களின் பேச்சு வழக்கம். வாசிப்பு வகுப்பில் அதை ‘சத்தம்’ என்று அடக்காமல் அனுமதித்தபோது வாசிப்புத் திறன் உயர்ந்தது.

காஞ்சிபுரத்துக்கு இதை அப்படியே பெயர்த்துவைக்க முடியாது. ஆயினும் இருளர்களிடையே அறிவு கைமாறும் விதத்தைப் பார்த்தவர்களுக்குப் பிலிப்ஸின் விவரிப்பு அந்நியமாகத் தோன்றாது. பாம்பின் தடத்தைப் படிப்பதை அப்பா பாடமாகச் சொல்லித்தருவதில்லை. பிள்ளை பின்னாலேயே போகிறது. மண்ணில் கிடக்கும் கோடு, வளையின் வாயில் ஒட்டியிருக்கும் செதில், எச்சம், உரித்த சட்டை. பார்த்துப் பார்த்துத்தான் தெரிகிறது. நல்ல பாம்பையும் கண்ணாடி விரியனையும் கையாளும் தொழிலில் ‘முதலில் தப்பாகச் செய்து பார்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதல் தப்பே கடைசித் தப்பாக இருக்கும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த பிள்ளை, நிச்சயமாகத் தெரியாத விடையை நாற்பது பேர் முன் சொல்லத் தயங்குவதைச் சோம்பல் என்றோ மந்தம் என்றோ குறித்துவைப்பது பெரிய அநியாயம்.

அந்தத் தடம் படிக்கும் அறிவுக்கு உலகத்தில் என்ன மதிப்பு என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துச் சதுப்புநிலங்களில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி உள்ளூர் உயிரினங்களை அழித்துக்கொண்டிருந்தன. 2017 ஜனவரியில் புளோரிடா பல்கலைக்கழகமும் அம்மாநில வனவுயிர்த் துறையும் அழைத்ததன்பேரில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்கள் அங்கே போனார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக்கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. நாட்டில் தயாராகும் பாம்புக்கடி மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி அவர்கள் சமூகத்தின் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் போகிறது. சூழ்நிலையியல் பாடத்தில் ‘நம்மைச் சுற்றியுள்ள உயிரினங்கள்’ நடத்தும் நாளில், பின்வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத்தான் வகுப்பிலேயே அதிகம் தெரியும். எலி வளையின் எந்தக் கிளையில் நெல் சேமிக்கும், எந்த மழைக்குப் பின் ஈசல் கிளம்பும், எந்த இலையைக் கசக்கினால் எந்த வாடை வரும் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். அந்தப் பாடத்தை அதன் தாத்தாவை அழைத்து ஒரு மணிநேரம் நடத்தச் சொல்ல எந்த அரசாணையும் தேவையில்லை.

மௌனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, இது கசப்பானது. உதவித்தொகை விண்ணப்பம் வரும்போது வகுப்பில் கேட்பார்கள்: ‘எஸ்.டி. பசங்க யாரு, எழுந்து நில்லுங்க.’ உதவி செய்யவே கேட்கிறார்கள். ஆனால் அது என்ன செய்கிறது என்பதை கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் சோதித்துப் பார்த்தார்கள். ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களிடம் வழிதேடும் புதிர்களைக் கொடுத்துத் தீர்க்கச் சொன்னார்கள். சாதி வெளியே சொல்லப்படாதபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களும் மற்றவர்களும் ஏறத்தாழச் சமமாகச் செய்தார்கள். ஒவ்வொருவரின் பெயரோடு சாதியையும் எல்லோர் முன்னும் படித்த பிறகு, ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை தெளிவாகக் குறைந்தது. பையன்கள் அதே வகையினர், புதிரும் அதே வகை. 2006-இல் வெளியான ஆய்வு இது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் மாணவர் ஒருவர் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, சாதியைக் குறிப்பிட்டு மாணவரை அழைக்கக் கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்திருக்கிறது. பின்வரிசை ஓர வரிசை என்று ஒதுங்காதிருக்க, பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்கவும் சொல்கிறது. இவற்றுக்குப் பணச்செலவு எதுவும் இல்லை. மனம்தான் வேண்டும்.

பள்ளிக்குள் சாதி சொல்லிக் கூப்பிடுவது ஒரு துன்பம் என்றால், அலுவலகத்தில் அதே சாதியை நிரூபிக்க முடியாமல் நிற்பது இன்னொரு துன்பம். தமிழகத்தில் மற்ற பிரிவினருக்கு வட்டாட்சியர் அலுவலக அளவிலேயே சான்றிதழ் கிடைக்கும். பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர், மக்கள் சொல்லும் ஆர்.டி.ஓ., விசாரித்துத்தான் தரவேண்டும். போலிச் சான்றிதழ்களைத் தடுக்க வந்த ஏற்பாடு அது; நோக்கத்தில் பிழையில்லை. ஆனால் விசாரணையில் அப்பாவின் சான்றிதழ் கேட்கப்படுகிறது. பள்ளிக்கே போகாத அப்பாவிடம் அது எப்படி இருக்கும்? நிலத்துக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாத இடத்தில் குடும்ப அட்டைக்கும் இழுபறி. முட்டிமோதிப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்குக் கல்லூரியில் இடஒதுக்கீட்டு இடம் கேட்க, கையில் அந்த ஒரு தாள் இருப்பதில்லை. தமிழகத்தில் பழங்குடியினருக்கு 1 விழுக்காடு ஒதுக்கீடு. அந்த ஒன்றைத் தொடுவதற்கே இத்தனை படி. முதல் தலைமுறையாகப் படித்த பிள்ளை இந்த இடத்தில் தோற்றுப்போய்ச் சூளைக்குத் திரும்பினால், அந்தக் காலனியில் அடுத்த பத்துக் குழந்தைகளுக்கு அது சொல்லும் செய்தி என்ன? இருளர் கல்வியில் மிக மோசமான சேதம் நடக்கும் இடம் வகுப்பறையைவிட இந்த அலுவலக வராந்தாதான்.

உத்திரமேரூரின் பெருமை என்று நாம் கொண்டாடும் கல்வெட்டு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. முதலாம் பராந்தகனின் ஆட்சியில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட அந்த விதிகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு எடுத்தார்கள். ஆனால் ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும் இருந்தாக வேண்டும். மனையும் நிலமும் இல்லாதவர் ஊர்க்கணக்கில் வரமாட்டார். ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்து, வாக்குரிமை எல்லோருக்கும் வந்துவிட்டது. ஆனால் அதே வட்டாரத்தில் மனைப் பட்டா இல்லாத குடும்பத்தின் பிள்ளை இன்னும் ஒரு தாளுக்காக நிற்கிறது. அண்மை ஆண்டுகளில் மாவட்டத்தில் ஊத்துக்காடு போன்ற இடங்களில் இருளர்களுக்கெனப் பட்டாவுடன் குடியிருப்புகள் கட்டித்தரப்பட்டன. 2023 நவம்பரில் தொடங்கிய ஒன்றிய அரசின் ஜன்மன் திட்டத்திலும் வீடு கட்டித்தர வழி இருக்கிறது. கல்வித் துறையின் கணக்கில் வராத இந்த வீடுகள்தான் ஒருவேளை கல்விக்குச் செய்யப்பட்ட பெரிய முதலீடு. நிலையான முகவரி வந்தால், பாட்டி தங்குவார். பாட்டி தங்கினால், பிள்ளையும் தங்கும்.

நரிக்குறவர் குழந்தைகளைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். அவர்களுக்கு மொழிச்சிக்கல் உண்மையாகவே உண்டு. வீட்டில் பேசும் வாக்ரிபோலி குஜராத்தி, மராத்தி போன்றவற்றோடு உறவுடைய இந்தோ-ஆரிய மொழி; அதற்கு எழுத்து இல்லை. முதல் வகுப்புக் குழந்தை தமிழின் ஓசையையும் எழுத்தையும் ஒருசேரச் சந்திக்கிறது. கோயில் திருவிழாக்களையும் சபரிமலைப் பருவத்தையும் ஒட்டி ஊசிமணி, பாசிமணி விற்கப் போகும் பெற்றோருடன் குழந்தைகளும் போகிறார்கள். நெடுங்காலப் போராட்டத்துக்குப் பின், 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டத் திருத்தத்தால்தான் அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். முன்னதாக, 2021 அக்டோபரில் மாமல்லபுரம் கோயில் அன்னதானத்தில் உட்கார விடாமல் நரிக்குறவர் பெண் ஒருவர் வெளியேற்றப்பட்ட செய்தி பரவி, அமைச்சர் வந்து அவருடன் அமர்ந்து சாப்பிட்டார். அடுத்த மாதமே முதலமைச்சர் பூஞ்சேரிக்குப் போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சான்றிதழும் வழங்கினார். ஆண்டுக்கணக்கில் வராத தாள் ஒரு வாரத்தில் வரும் என்பது அன்று தெரிந்தது.

இடம்பெயர்வுக்கு எளிய தீர்வாகப் பலர் சொல்வது உண்டு உறைவிடப் பள்ளி. பெற்றோர் எங்கே போனாலும் பிள்ளை ஒரே இடத்தில் படிக்கும். நான்கைந்து மாதத்துக்கு மட்டும் பருவகால விடுதி என்றால் அது மிகப் பயனுள்ளது. அதுவும் சொந்த ஊர்ப் பள்ளியை ஒட்டியே இருந்தால். ஆறு வயதில் பிரித்து ஆண்டு முழுவதும் எங்கோ வைத்து வளர்ப்பது வேறு. கனடாவில் பழங்குடிக் குழந்தைகளை அப்படித்தான் பிரித்து வைத்தார்கள். ஏறத்தாழ 1,50,000 குழந்தைகள் அந்தப் பள்ளிகளுக்குள் போனார்கள், வீட்டுமொழி பேசினால் அடி, ஆயிரக்கணக்கில் திரும்பவில்லை. 2015-இல் அந்நாட்டின் உண்மை அறியும் ஆணையம் அதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றே பெயரிட்டது. இங்கே யாரும் அந்த நோக்கத்தோடு விடுதி நடத்தவில்லை. ஆனாலும் பெற்றோரைப் பற்றி வெட்கப்படக் கற்றுத்தரும் எந்த ஏற்பாட்டின் மீதும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். மாசிமகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் இருளர்கள் குடும்பம் குடும்பமாகக் கூடிக் கன்னியம்மனை வழிபடுகிறார்கள். பெண் பார்ப்பதும் கல்யாணம் முடிப்பதும் அங்கேதான். அந்த இரண்டு மூன்று நாளுக்கு ஒரு பிள்ளை வராவிட்டால் அதை ‘காரணமில்லாத விடுப்பு’ என்று எழுதுகிற பள்ளி, தீபாவளிக்கு மறுநாள் வராத பிள்ளையிடம் அப்படிக் கேட்பதில்லை.

சமூகத்தின் உள்ளிருந்தே ஆசிரியர் வரும்போது எவ்வளவோ மாறுகிறது. கேரளத்தில் வயநாடு மாவட்டத்தில் 2017-இல் ‘கோத்ரபந்து’ திட்டத்தின்கீழ், ஆசிரியர் பயிற்சி முடித்த பழங்குடி இளைஞர்களைத் தொடக்கப் பள்ளிகளில் வழிகாட்டும் ஆசிரியர்களாக அமர்த்தினார்கள். வராத குழந்தையின் வீட்டுக்குப் போவது, வீட்டுமொழியில் விளக்குவது, பெற்றோருக்கும் தலைமையாசிரியருக்கும் நடுவே பேசுவது இவர்கள் வேலை. நீலகிரியில் கூடலூரின் வித்யோதயா பள்ளி பணியர், காட்டுநாயக்கர், பெட்டகுறும்பர் குழந்தைகளுக்கு அவர்கள் சமூகத்து ஆசிரியர்களையே உருவாக்கிக் காட்டியிருக்கிறது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியே பொய் வழக்கு, சாதிச் சான்றிதழ், கொத்தடிமை மீட்பு என்று போராடிக்கொண்டே தாய்த்தமிழ்ப் பள்ளியையும் நடத்தியவர். வழக்கும் பள்ளியும் ஒரே வேலையின் இரு பக்கம் என்பதை அவர் அளவுக்குப் புரிந்தவர்கள் குறைவு. அப்பாவைத் திருட்டு வழக்கில் பிடித்துப்போன வாரத்தில் எந்தப் பிள்ளை வாய்ப்பாடு படிக்கும்?

2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, குடியிருப்பிலேயே மாலை வகுப்பு நடத்தத் தன்னார்வலர்களைத் தேடியது. இருளர் காலனியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் இருந்தால் அவளையே அங்கே அமர்த்த அதில் வழி இருந்தது. வாசலில் விளக்கைப் போட்டுக்கொண்டு அவள் சொல்லித்தரும்போது பிள்ளைகள் பேசுகிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் விழுந்து விடை சொல்கிறார்கள். மதிப்பூதியம் அப்போது மாதம் 1,000 ரூபாய். தகுதித் தேர்வு எழுதி ஆசிரியராகும்வரை அவளைப் போன்றவர்களைப் பள்ளியோடு கட்டிவைக்க, வயநாட்டைப் போல ஓர் ஊதியமுள்ள பணியிடம் வேண்டும்.

அதுவரை செய்யக்கூடிய சின்ன மாற்றம் ஒன்று உண்டு. 2022-இல் தமிழகமெங்கும் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. உறுப்பினரில் பெரும்பான்மையினர் பெற்றோர். தலைவர் ஒரு தாய். இருளர் தாய் ஒருவர் அதில் இடம்பெற்றால் சூளைக்குப் போகும் குடும்பங்கள் எவை, எப்போது போகின்றன, எந்தப் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுப்போகலாம் என்பதெல்லாம் பொங்கலுக்கு முன்பே பள்ளிக்குத் தெரிந்துவிடும். கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கிறது. கூலிக்காரர் அதற்கு வர அன்றைய கூலியை விடவேண்டும். அதையே இரவு 7 மணிக்கு, காலனியில் நடத்தினால் வருவார்கள்.